ரசாயன ஆயுதத் தடுப்புக்கு அரசுகள் தரும் பணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரசாயன ஆயுதங்களைப் பற்றிய செய்தி நம்மை எட்டுவது பெரும்பாலும் தாக்குதல் நடந்த மறுநாள்தான். தாக்குதல் நடக்காமல் இருப்பதற்காக ஆண்டு முழுவதும் நடக்கும் வேலையும், அதற்கு அரசுகள் ஒதுக்கும் பணமும் செய்தித்தாளில் இடம்பிடிப்பது அரிது. அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, எதற்குப் போதவில்லை என்று வாசகர்கள் வழக்கமாகக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எனக்கு இதில் ஒரு கருத்து உண்டு. இந்த வேலைக்குத் தேவை பெருந்தொகை என்பதைவிட, விடாமல் வந்துகொண்டிருக்கும் தொகை. பதில்களைப் படிக்கும்போது அந்தக் கருத்து ஆங்காங்கே தலைகாட்டும்.

உலகில் இருந்த ரசாயன ஆயுதங்கள் எல்லாம் அழிக்கப்பட்டுவிட்டதாகச் சொல்கிறார்கள். பிறகு எதற்கு இன்னும் பணம்?

2023 ஜூலை 7 அன்று அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், புளூ கிராஸ் ராணுவக் கிடங்கில், சாரின் என்ற நரம்பு நச்சு நிரப்பிய கடைசி எம்55 ராக்கெட் அழிக்கப்பட்டது. உலக நாடுகள் அறிவித்திருந்த 72,304 டன் ரசாயன ஆயுதங்களில் மிச்சமிருந்த கடைசித் துளி அதுதான். ஒரு வகைப் பேரழிவு ஆயுதத்தின் அறிவிக்கப்பட்ட கையிருப்பு முழுவதையும், ஆய்வாளர்களை அருகில் வைத்துக்கொண்டே அழித்து முடித்தது மனித வரலாற்றில் பெரிய காரியம். அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

ஆனால் ‘அறிவிக்கப்பட்ட’ என்ற சொல்லைக் கவனியுங்கள். அறிவிக்காமல் பதுக்கியது அந்தக் கணக்கில் வராது. இந்த ஆயுதங்களைச் செய்வதையும் வைத்திருப்பதையும் பயன்படுத்துவதையும் தடைசெய்யும் ரசாயன ஆயுத உடன்படிக்கையில் 193 நாடுகள் இருக்கின்றன. எகிப்து, வட கொரியா, தெற்கு சூடான் ஆகியவை சேரவில்லை, இஸ்ரேல் கையெழுத்திட்டும் அதை முறைப்படி ஏற்று உறுதி செய்யவில்லை. 2017 பிப்ரவரியில் கோலாலம்பூர் விமான நிலையத்தில் வட கொரிய அதிபரின் வேறு தாய்க்குப் பிறந்த அண்ணன் கிம் ஜோங் நாம் முகத்தில் வி.எக்ஸ். என்ற நரம்பு நச்சு பூசிக் கொல்லப்பட்டார். 2018 மார்ச்சில் இங்கிலாந்தின் சாலிஸ்பரி நகரில் நோவிசோக் என்ற இன்னொரு நரம்பு நச்சு பயன்படுத்தப்பட்டது. இந்த இரண்டு இடத்திலும் டன் கணக்கில் கையிருப்பு எதுவும் தேவைப்படவில்லை.

அதைவிட அடிப்படையான காரணம் ஒன்று உண்டு. ஆயுதத்தை அழிக்கலாம், அதைச் செய்யும் அறிவையும், அதற்கு மூலப்பொருளாகும் தொழிற்சாலைச் சரக்குகளையும் அழிக்க முடியாது. மருந்து, பூச்சிக்கொல்லி, சாயம், நெகிழி எல்லாவற்றுக்கும் அந்தச் சரக்குகள் வேண்டும். அழிப்பு வேலைக்கு முடிவு உண்டு. காவல் வேலைக்குக் கிடையாது.

இந்தப் பணத்தைத் தருவது யார்? யாரிடம் போய்ச் சேர்கிறது?

மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது, நெதர்லாந்தின் தி ஹேக் நகரில் இயங்கும் ரசாயன ஆயுதத் தடை அமைப்புக்கு எல்லா உறுப்பு நாடுகளும் கட்டாயமாகச் செலுத்தும் ஆண்டுச் சந்தா. இரண்டாவது, குறிப்பிட்ட ஒரு வேலைக்காக அதே அமைப்பின் தனி நிதியங்களுக்கு அரசுகள் விரும்பித் தரும் பணம். சிரியா, உக்ரைன், புதிய ஆய்வகம், ஆப்பிரிக்க நாடுகளுக்கான பயிற்சி ஆகியவற்றுக்கு வரும் பணம் பெரும்பாலும் இந்த வகை. மூன்றாவது, ஒரு நாடு இன்னொரு நாட்டுக்கு நேரடியாகச் செய்யும் உதவி. முன்னாள் சோவியத் நாடுகளின் பேரழிவு ஆயுதங்களை அழிக்க உதவும் அமெரிக்காவின் நன்–லூகர் திட்டம் 1991இல் தொடங்கியது. கனடாவுக்கும் இதற்கென்றே ஒரு திட்டம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் ஒன்றியமாகவே நிதி தருகிறது.

இந்த மூன்றாவது வழியில் பணம் சிதறாமல் இருக்க, 2002 ஜூனில் கனடாவின் கனனாஸ்கிஸ் மலைப்பகுதியில் கூடிய ஜி8 தலைவர்கள் ‘உலகளாவிய கூட்டாண்மை’ என்ற ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். பத்து ஆண்டுகளில் 2,000 கோடி டாலர் வரை திரட்டுவது என்பது அன்றைய வாக்குறுதி. அதில் பாதியை அமெரிக்கா ஏற்றது. 2001 செப்டம்பர் தாக்குதல் நடந்து ஓராண்டுகூட ஆகவில்லை. பேரழிவு ஆயுதங்கள் தீவிரவாதிகள் கையில் சிக்கிவிடும் என்ற அச்சம் எல்லாத் தலைநகரங்களிலும் இருந்தது. அச்சம் இருக்கும்போது பணம் பிறக்கிறது என்பதற்கு இது முதல் எடுத்துக்காட்டு. இன்னும் சிலவற்றைப் பார்க்கப் போகிறோம்.

தடை அமைப்பின் ஆண்டுச் செலவு எவ்வளவு? சந்தாவை எப்படிப் பிரிக்கிறார்கள்?

ஆண்டுக்கு ஏறத்தாழ 8 கோடி யூரோ. ஐந்நூறு பேர் அளவில் வேலை செய்யும் ஓர் அமைப்பு, உலகம் முழுவதற்கும் அவ்வளவுதான்.

ஐ.நா. சபை தன் செலவைப் பிரித்துக்கொள்ளும் விகிதத்தையே சற்றுத் திருத்தி இங்கும் பயன்படுத்துகிறார்கள். பொருளாதாரம் பெரிதாக இருந்தால் பங்கும் பெரிது. எந்த நாட்டுக்கும் 22 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று ஓர் உச்ச வரம்பு. அந்த இடத்தில் அமெரிக்கா இருக்கிறது. கீழ் வரம்பு 0.001 சதவீதம், அதாவது லட்சத்தில் ஒரு பங்கு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: மிகச் சிறிய, மிக ஏழை நாடு ஒன்று ஆண்டுக்குத் தர வேண்டியது எண்ணூறு யூரோவை ஒட்டித்தான் வரும். அந்த எண்ணூறு யூரோவுக்கு, நச்சு வாயுத் தாக்குதலுக்கு உள்ளானால் உதவி கேட்கும் உரிமை உடன்படிக்கையின் பத்தாவது பிரிவின்படி அந்த நாட்டுக்குக் கிடைக்கிறது. வாக்களிக்கும்போது அதற்கும் ஒரு வாக்கு, அமெரிக்காவுக்கும் ஒரு வாக்கு.

சந்தா கட்டாவிட்டால் என்ன ஆகும்?

முந்தைய இரண்டு முழு ஆண்டுகளின் சந்தா அளவுக்கு நிலுவை சேர்ந்துவிட்டால் அந்த நாடு வாக்குரிமையை இழக்கும். தன் சக்தியை மீறிய காரணத்தால் கட்ட முடியவில்லை என்று மற்ற நாடுகள் ஒப்புக்கொண்டால் விதிவிலக்கு உண்டு.

நடைமுறையில் தொல்லை தருவது கட்டாத நாடுகளைவிடத் தாமதமாகக் கட்டும் நாடுகள். சந்தா ஜனவரியில் வர வேண்டும். பெரிய நாடுகள் சில தங்கள் நிதியாண்டுக் கணக்குப்படி ஆண்டின் பிற்பகுதியில்தான் பணம் அனுப்புகின்றன. சம்பளமும் விமான டிக்கெட்டும் அதுவரை காத்திருக்குமா?

ஆயுதம் செய்தவனே அதை அழிக்கும் செலவையும் ஏற்க வேண்டாமா? மற்ற நாடுகளின் வரிப்பணம் எதற்கு?

உடன்படிக்கையின் நான்காவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. வைத்திருந்தவர்தான் அழிக்கும் செலவை ஏற்க வேண்டும்; அது சரியாக நடக்கிறதா என்று பார்க்க வரும் ஆய்வாளர்களின் செலவும் அவர் தலையில்தான். அமெரிக்கா தன் ஆயுதங்களுக்குத் தானே செலவழித்தது. 4,000 கோடி டாலரை ஒட்டிய தொகை என்கிறார்கள். தடை அமைப்பை நானூறு ஆண்டுகளுக்கு மேல் நடத்தக்கூடிய பணம் அது. அழிப்பது எவ்வளவு செலவு பிடிக்கும் என்பதற்கும், புதிதாக உருவாகாமல் தடுப்பது எவ்வளவு மலிவு என்பதற்கும் இதைவிடத் தெளிவான கணக்கு எனக்குத் தெரியாது.

எல்லாராலும் அப்படிச் செலவழிக்க முடிவதில்லை. அல்பேனியாவில் பழைய ஆட்சிக்காலத்துக் கடுகு வாயு 16 டன் மலையடிவாரக் கிடங்கு ஒன்றில் கிடந்தது. அதை அழிக்க அந்த நாட்டிடம் பணமும் இல்லை, கருவியும் இல்லை. அமெரிக்கா முன்வந்து செலவை ஏற்றது. 2007 ஜூலையில் வேலை முடிந்தது. அறிவித்த கையிருப்பு முழுவதையும் முதலில் அழித்து முடித்த நாடு அல்பேனியாதான்.

ரஷ்யாவின் கதை பெரிது. சோவியத் ஒன்றியம் சிதறியபோது ரஷ்யாவின் கையில் 40,000 டன் இருந்தது, கஜானா காலி. யூரல் மலைக்குக் கிழக்கே ஷூச்சியே என்ற ஊரின் கிடங்கில் நரம்பு நச்சு நிரப்பிய பீரங்கிக் குண்டுகள் சுமார் 19 லட்சம், மது புட்டிகளைப் போல மரத் தட்டுகளில் வரிசையாக அடுக்கியிருந்தன. அங்கே போன அமெரிக்க செனட்டர் ரிச்சர்ட் லூகர், ஒரு குண்டைக் கைப்பெட்டிக்குள் வைத்துப் படம் எடுத்துக்கொண்டார். அலுவலகத்துக்குத் தினமும் எடுத்துப் போகும் அளவுப் பெட்டி. அதில் அந்தக் குண்டு கச்சிதமாக அடங்கியது. கிடங்குக் கதவு உறுதியாக இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதைப் பத்துப் பக்க அறிக்கையைவிட அந்தப் படம் நன்றாகச் சொன்னது.

அதன்பின்னும் அமெரிக்க நாடாளுமன்றம் 2000, 2001 நிதியாண்டுகளில் ஷூச்சியேக்குப் பணம் தர மறுத்தது. ரஷ்யா தன் பங்கைச் சரியாகச் செலவழிக்கிறதா, முழுக் கையிருப்பையும் அறிவித்ததா என்ற சந்தேகங்கள் இருந்தன. அவற்றில் நியாயமும் இருந்தது. ஆனால் நின்றுபோன கட்டுமானத்தை மறுபடி தொடங்குவது சுலபமில்லை. ஆலை இயங்கத் தொடங்கியது 2009இல். அமெரிக்கா மட்டும் சுமார் 100 கோடி டாலர் செலவழித்தது. பிரிட்டன், கனடா, இத்தாலி உள்ளிட்ட நாடுகள் மின் இணைப்பு, ரயில் பாதை, கருவிகள் என்று பங்கிட்டுக்கொண்டன. கோர்னி, கம்பர்க்கா ஆகிய ஊர்களின் ஆலைகளுக்கு ஜெர்மனி உதவியது. செலவின் பெரும்பகுதியை ரஷ்யாவும் பிற்பாடு தானே போட்டது என்பதையும் சொல்ல வேண்டும். 2017 செப்டம்பரில் அறிவித்த கடைசிக் குண்டும் அழிந்தது.

சிரியாவின் ஆயுதங்களைக் கடலில் வைத்து அழித்ததாகச் சொல்கிறார்களே, அது எப்படி? அந்தச் செலவு யாருடையது?

2013 ஆகஸ்ட் 21 அன்று டமாஸ்கஸ் நகரை ஒட்டிய கூத்தா பகுதியில் மக்கள் உறங்கிக்கொண்டிருந்த நேரத்தில் சாரின் நிரப்பிய ராக்கெட்டுகள் விழுந்தன. அடுத்த சில வாரங்களில் சிரியா உடன்படிக்கையில் சேர்ந்தது; 1,300 டன் இருப்பதாக அறிவித்தது. உள்நாட்டுப் போர் நடக்கும் இடத்தில் அழிப்பு ஆலை கட்ட முடியாது. வெளியே கொண்டுபோகலாம் என்றால், எங்கள் மண்ணில் அழித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல எந்த நாடும் முன்வரவில்லை.

கடைசியில் கேப் ரே என்ற அமெரிக்க சரக்குக் கப்பலின் அடித்தளத்தில் நச்சை நீர் கலந்து சிதைக்கும் இரண்டு நீராற்பகுப்புக் கருவிகளைப் பொருத்தினார்கள். லடாக்கியா துறைமுகத்திலிருந்து டென்மார்க், நார்வே கப்பல்கள் பீப்பாய்களை ஏற்றி வந்தன. சீன, ரஷ்யப் போர்க்கப்பல்களும் காவலுக்கு வந்தன. ஐ.நா. பாதுகாப்பு அவையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தவர்கள் மத்தியதரைக் கடலில் ஒரே வரிசையில் போனார்கள் என்பதை இப்போது நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது. இத்தாலியின் ஜோயா தாவ்ரோ துறைமுகத்தில் சரக்கு கைமாறியது. பிறகு 42 நாட்கள், நடுக்கடலில், பீப்பாய் பீப்பாயாக, சுமார் 600 டன் நச்சு செயலிழக்கச் செய்யப்பட்டது. ரப்பர் உடையிலும் முகமூடியிலும் வியர்த்துக்கொண்டு குழாய் இணைப்புகளில் கசிவு பார்த்த தொழில்நுட்பப் பணியாளர்கள் செய்த வேலை அது.

எஞ்சியவை பின்லாந்து, பிரிட்டன், ஜெர்மனி, அமெரிக்கா ஆகிய நாடுகளின் ஆலைகளுக்குப் போயின. அவற்றில் சில வேலைகளுக்குத் தடை அமைப்பு டெண்டர் விட்டு வணிக நிறுவனங்களுக்குத் தந்தது. பணத்தைப் பொறுத்தவரை, வைத்திருந்தவர் செலவை ஏற்க வேண்டும் என்ற விதியை சிரியாவால் நிறைவேற்ற முடியவில்லை. தனி நிதியம் தொடங்கப்பட்டு, பல நாடுகள் சுமார் 5 கோடி யூரோ தந்தன. கப்பலும் காவலும் தந்த நாடுகள் அந்தச் செலவைத் தாங்களே ஏற்றன. பணமாக வந்ததைவிடப் பொருளாக வந்த உதவி பெரிது.

அவ்வளவு செலவழித்தும் சிரியாவில் மறுபடி நச்சுத் தாக்குதல் நடந்ததே? பணம் வீண்தானே?

இது மிக நேர்மையான கேள்வி. 2017 ஏப்ரலில் கான் ஷேக்கூனில் சாரின் விழுந்தது. 2018 ஏப்ரலில் டூமாவில் குளோரின். இறந்தவர்களில் குழந்தைகள் பலர். 2013இல் எல்லாவற்றையும் அறிவிக்கவில்லை என்பது இதிலிருந்தே தெரிந்தது.

ஆனாலும் வீண் என்று என்னால் சொல்ல முடியாது. 1,300 டன் அப்போது அகற்றப்படாமல் இருந்திருந்தால், அடுத்த பத்தாண்டுப் போரில் அந்தக் கிடங்குகள் ஒன்று மாற்றி ஒன்றாக யார் யார் கையில் சிக்கியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நாட்டின் பெரும்பகுதி ஐ.எஸ். அமைப்பின் பிடியில் இருந்த காலமும் அதில் அடக்கம். அந்த அமைப்பு தன் கைப்பட முரட்டுத்தனமாகத் தயாரித்த கடுகு வாயுவைப் பயன்படுத்தியது. தயார்நிலையில் இருந்த அரசுக் கையிருப்பு கிடைத்திருந்தால்?

பணம் செய்யக்கூடியதும் செய்ய முடியாததும் இங்கேதான் பிரிகின்றன. யார் தாக்கினார்கள் என்று கண்டறிய ஐ.நா.வும் தடை அமைப்பும் சேர்ந்து நடத்திய விசாரணைக் குழுவை 2017 நவம்பரில் ரஷ்யாவின் வீட்டோ முடித்துவைத்தது. நிதிப் பற்றாக்குறை காரணமே இல்லை. 2018இல் உறுப்பு நாடுகள் தி ஹேக்கில் வாக்கெடுப்பு நடத்தி, தாக்கியவரை அடையாளம் காணும் பொறுப்பைத் தடை அமைப்பிடமே தந்தன. அதற்குப் பிறகு விசாரணைக் குழுவுக்கு ஆளும் பணமும் தேவைப்பட்டது. அதை வரவுசெலவுத் திட்டத்தில் சேர்ப்பதற்கும் ரஷ்யா உள்ளிட்ட நாடுகள் எதிர்ப்புத் தெரிவித்தன. 2021 ஏப்ரலில் சிரியாவின் வாக்குரிமை பறிக்கப்பட்டது.

‘தடுப்பு’ என்றால் நடைமுறையில் என்ன வேலை? யார் செய்கிறார்கள்?

பெரும்பாலும் யாருக்கும் பெயர் தெரியாதவர்கள். தயோடைகிளைகால் என்ற திரவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பேனா மையிலும் துணிச் சாயத்திலும் பயன்படுகிறது. கடுகு வாயுவுக்கும் அதுவே மூலப்பொருள். துறைமுகத்தில் ஒரு சுங்க அதிகாரியின் முன் நீல நிறப் பீப்பாய்கள் வந்து நிற்கின்றன. சரக்குச் சீட்டில் சாயப் பொருள் என்று எழுதியிருக்கிறது. வாங்குகிறவர் யார், அவரிடம் சாயப்பட்டறை இருக்கிறதா, இறுதிப் பயனர் சான்று உண்டா, இவ்வளவு அளவு அவருக்கு எதற்கு என்று அந்த அதிகாரி கேட்க வேண்டும். கேட்கத் தெரிய வேண்டுமானால் பயிற்சி வேண்டும். அந்தப் பீப்பாயின் பெயரைத் தட்டினால் எச்சரிக்கை காட்டும் கணினி வேண்டும். அப்படி இறக்குமதி செய்வது குற்றம் என்று அவர் நாட்டில் சட்டம் வேண்டும். இந்த மூன்றுக்கும்தான் நிதி போகிறது.

பட்டியலில் உள்ள வேதிப்பொருள்களைக் கையாளும் தொழிற்சாலைகளையும் தடை அமைப்பின் ஆய்வாளர்கள் நேரில் போய்ப் பார்க்கிறார்கள். பெருந்தொற்றுக்கு முன்பு ஆண்டுக்கு 241 ஆய்வுகள் என்பது வழக்கம். உலகில் ஆய்வுக்கு உரிய ஆலைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. எண்ணிக்கையைக் கூட்டுங்கள் என்று கேட்டால், சந்தாவையும் கூட்ட வேண்டும் என்பதே பதிலாக வரும். அங்கே பேச்சு நின்றுவிடும்.

இவை தவிர, தாக்குதல் நடந்தால் முதலில் ஓடி வரும் தீயணைப்பு வீரர், ஆம்புலன்ஸ் ஊழியர், அவசரப் பிரிவு மருத்துவர் ஆகியோருக்கான பயிற்சியும் இதே நிதியில் நடக்கிறது. 1995 மார்ச் 20 அன்று டோக்கியோ சுரங்க ரயிலில் ஓம் ஷின்ரிக்யோ என்ற ஜப்பானிய மதக் குழு சாரினைக் கசியவிட்டபோது, மருத்துவமனைக்கு வந்தவர்களின் உடையிலிருந்து கிளம்பிய ஆவியால் சிகிச்சை அளித்தவர்களும் பாதிக்கப்பட்டார்கள். வாசலிலேயே உடையைக் களைய வேண்டும், உடலைக் கழுவ வேண்டும் என்ற எளிய பாடம் அன்று அந்த விலை கொடுத்துக் கற்றது.

அந்த ஓம் குழுவைப் போன்றவர்களை உடன்படிக்கை கட்டுப்படுத்துமா?

உடன்படிக்கை அரசுகளைத்தான் கட்டுப்படுத்தும். ஆனால் தன் மண்ணில் யாரும் இதைச் செய்யாதபடி சட்டம் இயற்றும் கடமையை ஒவ்வோர் அரசுக்கும் அதன் ஏழாவது பிரிவு தருகிறது. 2004 ஏப்ரலில் நிறைவேறிய ஐ.நா. பாதுகாப்பு அவையின் 1540ஆம் தீர்மானமும் அதையே எல்லா நாடுகளுக்கும் கட்டாயமாக்கியது. சட்டம் எழுத உதவுவதுதான் இந்த நிதியில் நடக்கும் வேலைகளிலேயே மிக மலிவானது. ஒரு வழக்கறிஞர், ஒரு மொழிபெயர்ப்பாளர், சில பயணங்கள். அதையும் முடிக்காத நாடுகள் இன்னும் இருப்பது வருத்தம் தருகிறது.

தடை அமைப்பின் புதிய ஆய்வகத்துக்கு அவ்வளவு பணம் தேவையா?

தி ஹேக் அருகே பைனக்கர்–நூட்டோர்ப் பகுதியில் 2023 மே மாதம் திறக்கப்பட்ட வேதியியல், தொழில்நுட்ப மையத்தைத்தான் கேட்கிறீர்கள். செலவு சுமார் 3.4 கோடி யூரோ. 57 நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியமும் விரும்பித் தந்த பணம், சந்தாவிலிருந்து எடுத்ததில்லை.

ஒரு மாதிரி எப்படிப் பயணம் செய்கிறது என்று தெரிந்தால் இந்தக் கேள்வியை வேறுவிதமாகக் கேட்பீர்கள். தாக்குதல் நடந்த இடத்தில் ஆய்வாளர் ஒரு கைப்பிடி மண்ணை எடுக்கிறார். குப்பியில் அடைத்து, முத்திரை வைத்து, எண் எழுதி, படம் எடுத்து, கையெழுத்திடுகிறார். அந்த முத்திரை ஓரிடத்தில் கிழிந்திருந்தாலும் குற்றம் செய்த அரசு அதைப் பிடித்துக்கொள்ளும். ஆய்வகத்தில் மாதிரியைப் பிரித்து, நச்சே இல்லாத வேறு சில குப்பிகளையும் கலந்து, வெவ்வேறு நாடுகளில் உள்ள இரண்டு அங்கீகார ஆய்வகங்களுக்காவது அனுப்புகிறார்கள். எது உண்மை மாதிரி, எது வெற்று மாதிரி என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியாது. இரண்டின் முடிவும் ஒத்துப்போக வேண்டும். அங்கீகாரம் பெற்ற ஆய்வகங்களும் அதைத் தக்கவைக்கத் தொடர்ந்து தேர்வு எழுத வேண்டும்; தவறினால் அங்கீகாரம் போய்விடும். ஆப்பிரிக்காவிலும் லத்தீன் அமெரிக்காவிலும் நெடுங்காலம் அப்படிப்பட்ட ஆய்வகமே இல்லாமல் இருந்தது. அங்குள்ள வேதியியலாளர்களை இந்த நிலைக்கு உயர்த்தும் பயிற்சிகளுக்கு இப்போது பணம் செலவாகிறது.

2024 நவம்பரில், உக்ரைன் போர்முனையில் எடுத்த மாதிரிகளில் கலவர அடக்கலுக்கான சி.எஸ். கண்ணீர்ப்புகை இருந்ததை இந்த நடைமுறைதான் உறுதிசெய்தது. போரில் அதைப் பயன்படுத்துவது உடன்படிக்கைப்படி குற்றம்.

பழைய போர்களில் கைவிட்டுப்போன குண்டுகளுக்கு யார் பொறுப்பு?

கைவிட்டுப்போன நாடு. இரண்டாம் உலகப் போரின் முடிவில் ஜப்பான் ராணுவம் சீனாவில் விட்டுச்சென்ற குண்டுகளைத் தோண்டி அழிக்கும் செலவை இன்றும் ஜப்பான் ஏற்கிறது. ஜீலின் மாகாணத்து ஹார்பாலிங்கில்தான் அவை மிக அதிகம். பனாமாவின் சான் ஹோசே தீவில் அமெரிக்கா விட்டுச்சென்ற எட்டுக் குண்டுகள் 2017இல் அழிக்கப்பட்டன.

பாதிக்கப்பட்டவர்களுக்கு இந்தப் பணத்தில் பங்கு உண்டா?

மிகக் குறைவு. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. ஈரானின் சர்தஷ்த் நகரில் 1987 ஜூனில் கடுகு வாயுக் குண்டுகள் விழுந்தன. ஈராக்கின் ஹலப்ஜாவில் 1988 மார்ச்சில் ஐயாயிரம் பேர் வரை இறந்தார்கள். பிழைத்தவர்கள் பிழைத்ததோடு முடியவில்லை. கடுகு வாயு நுரையீரலில் விட்டுப்போன தழும்பு ஆறாது. படி ஏற மூச்சு வாங்கும். இரவில் படுத்தால் இருமல் எழுப்பிவிடும், உட்கார்ந்தே தூங்குவார்கள். கண்ணின் கருவிழி பல ஆண்டுகள் கழித்தும் பழுதாகும். வெயிலில் எரியும், கறுப்புக் கண்ணாடி இல்லாமல் வெளியே வர முடியாது.

இவர்களுக்காக 2011இல் உறுப்பு நாடுகள் ஓர் ஆதரவு வலையமைப்பை உருவாக்கின. அதற்கென ஒரு தனி நிதியமும் உண்டு. ஆனால் அது முழுக்க முழுக்க நாடுகளின் விருப்பத்தை நம்பியது. குண்டை அழிக்கத் திரண்ட பணத்தோடு ஒப்பிட்டால் கண்ணுக்கே தெரியாது. அழிப்பு முடிந்துவிட்டது, அந்தச் செலவு மிச்சம் என்று நிதியமைச்சகங்கள் மகிழும் இந்த நேரத்தில், அதில் ஒரு சிறு பங்கையாவது இவர்களின் மருந்துக்கும் ஆக்சிஜன் உருளைக்கும் திருப்பிவிட்டால் என்ன?

பணம் தரும் நாடுகள் தங்கள் விருப்பப்படி வேலையைத் திருப்பமாட்டார்களா?

திருப்ப வாய்ப்பு இருக்கிறது. விரும்பித் தரும் பணம் பெரும்பாலும் ‘இந்த வேலைக்கு மட்டும்’ என்ற சீட்டோடு வருகிறது. தலைப்புச் செய்தியில் இருக்கும் நாட்டுக்கு நிதி குவிகிறது; செய்தியில் இல்லாத இடத்தில் சுங்கப் பயிற்சி தள்ளிப்போகிறது. மேற்கு நாடுகளின் பணத்தில் நடக்கும் விசாரணை ஒருதலைப்பட்சம் என்று குற்றம்சாட்டவும் அது வழிசெய்கிறது. அந்தக் குற்றச்சாட்டை மாதிரிச் சோதனை முறை பலவீனப்படுத்துகிறது என்பது என் நம்பிக்கை. இருந்தாலும், எல்லாரும் கட்டும் சந்தாவில் முக்கிய வேலைகள் நடப்பதே முறை.

கணக்குத் தணிக்கைக்கு ஏற்பாடு இருக்கிறது. உறுப்பு நாடு ஒன்றின் தணிக்கை அலுவலகம் வெளியிலிருந்து வந்து கணக்குப் பார்க்கும்; 2021இல் இந்தியாவின் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அந்தப் பொறுப்புக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

பணம் இருந்தும் தீராத குறை ஏதாவது உண்டா?

ஆள். தடை அமைப்பில் யாரும் பொதுவாக ஏழு ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்க்க முடியாது என்பது விதி. ஒரே ஆட்கள் நிரந்தரமாக உட்கார்ந்துவிடக் கூடாது என்பதற்காக வைத்தது, நோக்கம் நல்லது. ஆனால் குண்டு வெடித்த பள்ளத்தில் நின்று, எந்தக் கல்லில் மாதிரி கிடைக்கும் என்று கண்ணாலேயே சொல்லும் தேர்ச்சி ஐந்தாறு ஆண்டுகளில்தான் கைவருகிறது. வந்த கையோடு அவர் பெட்டியைக் கட்ட வேண்டும். அனுபவசாலிகளை மீண்டும் அழைக்கச் சில விதிவிலக்குகள் செய்திருக்கிறார்கள், அது போதாது.

இப்போது உடனடியாகப் பணம் எங்கே தேவை?

மறுபடியும் சிரியாவில். 2024 டிசம்பரில் அசாத் ஆட்சி கவிழ்ந்தது. தடை அமைப்பின் அன்றைய தலைமை இயக்குநர் பெர்னாண்டோ அரியாஸ் 2025 பிப்ரவரியில் டமாஸ்கஸ் போய்ப் புதிய ஆட்சியாளர்களைச் சந்தித்தார். ரசாயன ஆயுத வேலை நடந்திருக்கலாம் என்று சந்தேகிக்கும் இடங்கள் நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. பதினொரு ஆண்டுகள் மூடியிருந்த கதவை உள்ளேயிருப்பவர்களே திறக்கிறார்கள். ஒவ்வோர் இடத்துக்கும் போக வேண்டும். போகும் வழியில் கண்ணிவெடி அகற்ற வேண்டும். இடிந்த கட்டடங்களுக்குள் நுழைய வேண்டும். அங்கே வேலை பார்த்தவர்கள் சிதறிப்போவதற்குள், கோப்புகள் எரிந்துபோவதற்குள் எல்லாம் நடக்க வேண்டும். சிரியப் பணிகளுக்கான தனி நிதியத்தில்தான் இதற்கான பணம் சேர்கிறது. அங்கே இப்போது கூத்தாவைப் போல ஒரு படம் இல்லை, துணி போர்த்திய குழந்தைகள் இல்லை. மண்ணைச் சுரண்டிக் குப்பியில் அடைக்கும் நாலைந்து பேர்தான் இருக்கிறார்கள். நிதி தரும் தலைநகரங்களில் இந்த ஆண்டு அதைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி, அவர்களுக்கு வண்டியும் வழித்துணையும் அடுத்த ஆண்டும் இருக்குமா என்பதுதான்.